வண்டியைப் பார்ப்பதற்கு முன் கையை எண்ணுங்கள்

கேள்வி இது: கணவன், மனைவி, 4 வயது மகள், 11 மாத மகன். இரண்டு பெரிய பெட்டி, ஒரு தள்ளுவண்டி. முன்பின் பார்த்திராத ஊரில் இரவு 10 மணிக்கு விமானம் இறங்குகிறது. நகருக்கு ரயிலில் அரை மணி நேரம், டாக்சியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. ரயில் போதாதா? டாக்சி என்றால் காரில் மாட்டுகிற குழந்தை சீட்டையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகும்போது, இரண்டு குழந்தைகளுக்கும் சீட் மாட்டி அனுப்புகிற முன்பதிவுக் கார். அந்த சீட் உறுதியாகக் கிடைக்காது என்றால் ரயில். திரும்பி வரும்போது, யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். ஒரே குடும்பத்துக்கு ஒரே வழித்தடத்தில் ஏன் இப்படி மாற்றி மாற்றிச் சொல்கிறேன் என்றால், உங்கள் விமானம் இரவு 10-க்குப் பதில் காலை 10-க்கு இறங்கினாலே என் பதில் வேறு. நிமிடக் கணக்கை வைத்து முடிவெடுத்தால் இது புரியாது. கைக்கணக்கு போட்டால் புரியும்.

பெரியவர்கள் இருவருக்கும் சேர்த்து கை நான்கு. பெட்டிகளுக்கு இரண்டு போயிற்று. தள்ளுவண்டிக்கு ஒன்று. மகளைப் பிடிக்க ஒன்று. கணக்கு சரியாகப் போய்விட்டது, ஆனால் பாஸ்போர்ட்டை எடுக்க, போனைப் பார்க்க, டிக்கெட்டை மெஷினில் வைக்க, கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் கை இல்லை. இது தரை சமமாக இருக்கும் வரைக்கும்தான். பத்துப் படிக்கட்டு எதிரே வந்தால் தள்ளுவண்டியை மடக்க வேண்டும், குழந்தை இடுப்புக்கு வந்துவிடும், பெட்டிகளைத் தூக்க வேண்டும், மகளின் கையை விட வேண்டும். கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்களே, அது இந்த இடம்தான். அதனால் எந்த வண்டியானாலும் நான் கேட்பது ஒன்றே: விமானத்தின் கதவிலிருந்து தங்கும் அறையின் கதவு வரை, இந்த மூட்டை முடிச்சு மொத்தத்தையும் எத்தனை முறை தூக்கி இறக்க வேண்டும்? இரண்டு முறைக்குள் என்றால் எந்த வண்டியும் நல்ல வண்டி. நான்கைத் தாண்டினால், 20 நிமிடத்தில் போய்ச் சேரும் என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

ரயில் விளம்பரங்கள் பொய் சொல்வதில்லை, பாதியைச் சொல்கின்றன. கோலாலம்பூரில் விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் நிலையம் வரை 57 கிலோமீட்டரை விரைவு ரயில் 28 நிமிடத்தில், நடுவில் நிற்காமல் கடக்கிறது. ஹாங்காங்கில் 24 நிமிடம். லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பேடிங்டன் ரயில் நிலையத்துக்கு 15 நிமிடம். எல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் பேடிங்டன் பிளாட்பாரத்தில் படுத்துத் தூங்கப் போவதில்லையே. அங்கிருந்து அறைக்கு எப்படிப் போவது என்பதுதான் குழந்தைக்காரர்களின் கேள்வி. சிங்கப்பூர் சாங்கியில் மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது. ஆனால் அது ஒரு கிளைத் தடம், நகருக்குப் போக தானா மேரா போன்ற ஒரு இடைநிலையத்தில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். பாரிசில் 2024 ஜூனிலிருந்து 14-ஆம் தட மெட்ரோ ஓர்லி விமான நிலையம் வரை வருகிறது. அந்தத் தடத்தில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. பழைய தடம் ஒன்றுக்கு மாறினீர்களோ, படிக்கட்டுதான். லண்டன் சுரங்க ரயிலிலும் பல பழைய நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. ஆக, ரயிலா டாக்சியா என்று கேட்பதைவிட, "நான் இறங்கும் நிலையத்தில் தெரு வரைக்கும் லிஃப்ட் உண்டா?" என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது. பெரிய நகரங்களின் ரயில் நிர்வாகங்கள் படியில்லாத வழிகளை மட்டும் காட்டும் வரைபடம் ஒன்று வைத்திருக்கும். கூகுள் மேப்ஸில் பொதுப் போக்குவரத்து வழி தேடும்போது சக்கர நாற்காலிக்கு ஏற்ற வழியை மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. தள்ளுவண்டிக்கு வேண்டியதும் அதே வழிதான். தேடிப் பார்த்தால் அரை மணி நேரப் பயணம் சில சமயம் ஒரு மணி நேரமாகக் காட்டும். அதுதான் உங்களுடைய உண்மையான நேரம்.

என் அனுபவம் ஒன்று. ரயில் சொன்னபடி 30 நிமிடத்தில் கொண்டுவந்து விட்டது. நிலையத்திலிருந்து விடுதி 600 மீட்டர். அந்த 600 மீட்டருக்கு எங்களுக்கு ஆனது 50 நிமிடம். லிஃப்ட் பழுது, அடுத்த வாயிலுக்குச் சுற்றினோம், வெளியே மழை, சின்னவன் அப்போதுதான் தூங்கியிருந்தான், பெரியவள் "கால் வலிக்குது, தூக்கு" என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். ரயிலை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். வரைபடத்தில் அந்த 600 மீட்டரை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் விட்டது என் தப்பு.

இதே காரணத்துக்காகத்தான், டிக்கெட் எடுக்கும்போதே இந்தப் பேச்சு தொடங்க வேண்டும் என்பேன். டோக்கியோ என்று ஒரே பெயரில் விற்கிற டிக்கெட்டில் நரிட்டா விமான நிலையமும் வரும், ஹனேடா விமான நிலையமும் வரும். நரிட்டா நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஹனேடா 15-க்கு அருகே. தனியாகப் போகிறவருக்கு இது சின்ன வித்தியாசம். தூக்கம் கெட்ட குழந்தையோடு போகிறவர்களுக்கு அப்படியில்லை. டிக்கெட்டில் மிச்சம்பிடித்த பணத்தை நகருக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுவீர்கள்.

இனி டாக்சி. இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் டாக்சி என்றதும் குழந்தை சீட்டை நாம் எல்லோருமே வசதியாக மறந்துவிடுகிறோம். சட்டமும் பல இடங்களில் கண்டுகொள்வதில்லை. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம் வரை குழந்தை சீட் கட்டாயம். ஆனால் டாக்சியில் பொருத்தமான சீட் இல்லையென்றால் குழந்தை அது இல்லாமலே பின்னிருக்கையில் போகலாம், 3 வயது ஆகியிருந்தால் பெரியவர்களின் பெல்ட்டைப் போட வேண்டும். நியூயார்க்கின் மஞ்சள் டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. 7 வயதுக்குட்பட்டவர் மடியில் உட்காரலாம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு சீட் வேண்டும், டாக்சிக்கு விலக்கு. ஆனால் செயலியில் கூப்பிடுகிற தனியார் வாடகைக் காருக்கு அந்த விலக்கு இல்லை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி கார்தான். அதனால் நீங்கள் போகிற ஊரின் விதியைப் பார்க்கும்போது "டாக்சி" என்ற சொல்லுக்குள் செயலிக் காரும் வருகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

சட்டம் விலக்குக் கொடுத்தாலும் மோதலின் விசை கொடுக்காது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வையுங்கள். மடியில் இருக்கிற 10 கிலோ குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கி நிறுத்துகிற பலம் கையில் இருக்க வேண்டும். யாருக்கும் இருக்காது. விமான நிலையச் சாலைகள் பெரும்பாலும் விரைவுச்சாலைகள். அங்கே வேகம் 50-ல் நிற்பதும் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, சரியான சீட்டில் உட்கார வைத்தால் கார் விபத்தில் இறக்கும் அபாயம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 71 சதவீதமும், 1 முதல் 4 வயது வரையுள்ளவர்களுக்கு 54 சதவீதமும் குறைகிறது. இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்ல வேண்டும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடுகிறார்கள். மோதினால் நம் உடம்பின் எடை முழுவதும் பெல்ட்டுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் குழந்தை மேல் போய் இறங்கும். நெஞ்சோடு கட்டிக்கொள்கிற துணி கேரியரையும் சிலர் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். அது நடப்பதற்கு அருமையான சாமான், காருக்கு ஆகாது.

அப்படியானால் தூக்கிக்கொண்டு போவதா? உங்கள் வீட்டில் குழந்தைகள் இருவரும் வேறு வேறு வயது, அதனால் சீட்டும் இரண்டு வகை. 11 மாதப் பையனுக்கு வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட். குழந்தை சீட்டுக்கான ஐரோப்பாவின் ஆர்129 விதியில் 15 மாதம் வரை அப்படித்தான் உட்கார வேண்டும், அதற்கு மேலும் தொடர்வது நல்லது. 4 வயது மகளுக்கு முன்பக்கம் பார்த்த, தோள்பட்டை வார் உள்ள சீட். எடையும் உயரமும் அந்தத் தயாரிப்பின் வரம்புக்குள் வந்தால் முதுகுச் சாய்வு உள்ள பூஸ்டரும் (கார் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) ஆகும். நகரத்தில் இறங்கியபின் காரே ஏறப்போவதில்லை என்றால் ஒரு மணி நேரப் பயணத்துக்காக இரண்டு சீட்டைக் கண்டம் தாண்டித் தூக்கிப்போவதை நான் செய்ய மாட்டேன். கார் நிறுவனத்திடமே கேட்டு வாங்குவேன். ஊர் ஊராகக் காரில் சுற்றப் போகிறீர்கள் என்றால் சொந்த சீட்டை எடுத்துப்போங்கள், பல விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. எடுத்துப்போவதானால் காரின் சாதாரண பெல்ட்டைக் கொண்டே மாட்டக்கூடிய சீட்டாக இருக்கட்டும். சீட்டை நேரே காரோடு பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கியை மட்டும் நம்பிய சீட்டோடு போய், வந்து நிற்கிற காரில் அந்தக் கொக்கி இல்லையென்றால் சீட் வெறும் சுமை. கிளம்புவதற்கு முன் உங்களுடையதல்லாத ஒரு காரில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். இரவில், பின்னால் ஹாரன் அடிக்கிற வண்டிகளுக்கு நடுவே, முதல்முறையாக அந்த பெல்ட்டை எந்தத் துவாரத்தில் நுழைப்பது என்று தேடக்கூடாது. பின்பக்கம் பார்க்கிற சீட்டை, ஏர்பேக் வேலை செய்கிற முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

முன்பதிவு செய்யும்போது "சைல்டு சீட் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் என்ன வரும் தெரியுமா? ஒரே ஒரு பூஸ்டர் பலகை. அதில் உங்கள் மகனை உட்காரவே வைக்க முடியாது. எண்ணிக்கை, ஒவ்வொரு குழந்தையின் மாதம் அல்லது வயது, எடை, உயரம், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி, "சரி, கொண்டுவருகிறோம்" என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் இன்னொரு முறை கேளுங்கள். இந்தப் பதில் வராமல் இழுத்தடித்தால், உங்களுக்கு ரயில்தான். தண்டவாளத்தில் போகிற வண்டியில் இந்தக் கவலை இல்லை என்பதே ரயிலின் பெரிய பலம். விளம்பரத்தில் இதைச் சொல்லாமல் நிமிடத்தைச் சொல்கிறார்கள்!

விமான எண்ணையும் அந்தப் பதிவில் கொடுங்கள். விமானம் தாமதமானால் டிரைவருக்குத் தெரிய வேண்டும். இலவசக் காத்திருப்பு எத்தனை நிமிடம், அது எப்போதிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று படித்துப் பாருங்கள். சக்கரம் தரை தொட்டதிலிருந்து என்றால் குழந்தையோடு வருகிறவர்களுக்கு 45 நிமிடம் போதாது. 10 மணிக்குத் தரை தொட்டால், இமிகிரேஷன், பெட்டி, டயப்பர் எல்லாம் முடித்து வெளியே வர 11.15 ஆகும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். ரயில் என்று முடிவானாலும் இதே கணக்குதான்: கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு என்ன வழி என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

காரின் அளவையும் கேளுங்கள். நான்கு பேர், எனவே நான்கு பேர் கார் என்று போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு பெரிய பெட்டியும் ஒரு தள்ளுவண்டியும் சாதாரணக் காரின் டிக்கியில் அடங்காது. எரிவாயு சிலிண்டர் வைத்த வண்டியாக இருந்தால் ஒரு பெட்டிக்கே இடம் இருக்காது. குழந்தை சீட் இரண்டும் பின்னிருக்கையை அடைத்துக்கொண்டபின் நடுவில் உட்காருகிறவர் மூச்சுக்கூட விட முடியாது. ஆறேழு பேர் உட்காரும் வண்டியே உங்கள் அளவு.

பேருந்தைப் பலரும் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் உண்டு. விமான நிலையத்திலிருந்து பெரிய விடுதிகளின் வாசல் வரை போகும் சொகுசுப் பேருந்து இருக்கிற ஊர்களில், பெட்டிகளைக் கீழே வாங்கி வைத்துக்கொள்வார்கள், உட்கார இடம் உறுதி, தூக்கி இறக்குவது ஒரே முறை. கைக்கணக்கில் அது காருக்குச் சமம். நெரிசலில் நின்றுவிட்டால் மட்டும் கஷ்டம். பல பேருந்துகளில் கழிப்பறை இல்லை, "அம்மா, சுச்சூ" என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. ஜப்பானில் இன்னொரு வழியும் இருக்கிறது: பெட்டிகளை விமான நிலையக் கவுன்டரிலேயே கொடுத்துவிட்டால் பொதுவாக மறுநாள் விடுதிக்கு வந்து சேரும். இரண்டு கை விடுதலை. அப்படி ஒரு சேவை இருக்கிற ஊரில் ஒரு இரவுக்கான துணியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு தாராளமாக ரயில் ஏறலாம்.

விமானத்தில் ஏறும் முன், போர்டிங் கேட்டில் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தள்ளுவண்டி இறங்கும்போது விமானக் கதவருகே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வருமா? பெல்ட்டில் என்றால் கதவிலிருந்து இமிகிரேஷன் வரை, சில இடங்களில் அது ஒரு கிலோமீட்டர்கூட வரும், மகனைச் சுமக்க வேண்டியது நீங்கள். துணி கேரியருக்கு அங்கேதான் வேலை. இமிகிரேஷனில் குழந்தைகளோடு வருகிறவர்களுக்குத் தனி வரிசை இருக்கிறதா என்று அங்கே நிற்கிற ஊழியரிடம் கேளுங்கள். பலகை வைக்காமலே அனுப்புகிற இடங்கள் உண்டு. பெட்டி வருகிற இடத்தில் ஒருவர் பெல்ட்டருகே நிற்கட்டும், மற்றவர் குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகட்டும். டயப்பர் மாற்றுவது, பால் கொடுப்பது, மகளைப் "வரலைன்னாலும் போயிட்டு வா" என்று அனுப்புவது எல்லாம் இந்தப் பக்கத்திலேயே முடியட்டும். கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்தபின் கூட்டம், குரல், "டாக்சி, டாக்சி" என்று பின்னாலேயே வருகிறவர்கள். அவர்களுக்குத் தலையசைக்காமல் நடங்கள். அதிகாரபூர்வ வரிசையைத் தவிர வேறெங்கும் வண்டி ஏற வேண்டாம்.

செயலிக் கார் என்றால் ஒரு சின்னக் கண்ணி. ஏறுமிடம் பல விமான நிலையங்களில் வாசலில் இருக்காது. பார்க்கிங் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் இருக்கும். உள்ளே இருக்கும்போது நிலையத்தின் வைஃபையில் காரைக் கூப்பிட்டிருப்பீர்கள், அங்கே போய்ச் சேர்வதற்குள் வைஃபை அறுந்திருக்கும். போனில் வேலை செய்கிற இணைப்பு இருக்கட்டும்; விடுதியின் முகவரியை அந்த ஊர் எழுத்தில் படமாகவும் சேமித்துக்கொள்ளுங்கள்.

ரயில் ஏறினால் மகளுக்கும் சேர்த்து ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கதவு மூடி, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று ஆகிவிட்டால்: பிளாட்பாரத்தில் நிற்கிறவர் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது, உள்ளே போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். வெளியே நிற்பது மகள் என்றாலும் இதே விதி, அவளுக்குப் புரிகிற மாதிரி "அங்கயே நில்லு, அப்பா வருவேன்". ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், குழந்தைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். அன்றைய உடுப்பில் குழந்தைகள் இருவரையும் ஒரு போட்டோ, மகளின் முன்கையில் பேனாவால் உங்கள் போன் எண். எஸ்கலேட்டரில் தள்ளுவண்டியை ஏற்றவே வேண்டாம், எத்தனை பேர் ஏற்றினாலும்.

வாந்தி. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயண மயக்கம் அரிது. உங்கள் மகளின் வயதில் வரலாம். விமானத்தில் ஒன்றும் ஆகாத பிள்ளை காரில் பத்தாவது நிமிடத்தில் எடுப்பது வழக்கமான கதை. விமான இருக்கைப் பையில் இருக்கும் காகிதப்பை இரண்டை எடுத்து உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், காரில் அவளிடம் போனைக் கொடுக்காதீர்கள், ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாற்று உடுப்பு டிக்கியில் போகும் பெட்டியில் அல்ல, காலடியில் இருக்கும் பையில்.

திரும்பி வருகிற நாளைப் பற்றி ஒன்று. உங்கள் விமானம் மாலை என்றால், பகலில், எல்லோரும் தூங்கி எழுந்தபின், ஊரும் நிலையமும் பழகியபின் கிளம்புவீர்கள். எந்த வாயிலில் லிஃப்ட் இருக்கிறது என்பது அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும். சாலை நெரிசலால் விமானத்தைத் தவறவிடுகிற பயமும் ரயிலில் இல்லை. அலுவலக நேரக் கூட்டத்தை மட்டும் தவிருங்கள். மகளை ஜன்னலோர இடத்தில் உட்கார வைத்து, எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று கவனித்துச் சொல்கிற வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.